விஸ்கான்சினில் மான் குறைந்துவிட்டது என்று வேட்டைக்காரர்கள் சொல்வது உண்மையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வாசாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள். நவம்பர் வந்துவிட்டால் சாப்பாட்டு இடைவேளையில் ஒரே புலம்பல். "வடக்கே மானே இல்லை. பாதியை ஓநாய் தின்றுவிட்டது. மீதியை, பெட்டை மானையும் சுடலாம் என்று அனுமதி கொடுத்து இயற்கை வளத் துறை ஒழித்துவிட்டது. கேட்டால் மாநிலத்தில் 15 லட்சத்துக்கு மேல் மான் இருக்கிறது என்று கதை விடுகிறார்கள்." இதில் யார் சொல்வது உண்மை என்பது கேள்வி. கடைசியில் ஒரு வால்: நண்பர் இந்த வருஷம் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், மான் கறியும் தருகிறார், போகலாமா, சாப்பிடலாமா?

எத்தனை மான் என்று கேட்பதுபோல் இருந்தாலும் நீங்கள் கேட்பது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. முப்பது வருஷமாக ஒரே காட்டில் போய் உட்காருகிற மனிதன் கண்ணால் பார்த்ததை நம்புவதா, அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவனை நம்புவதா என்று கேட்கிறீர்கள். நான் அந்த இரண்டாவது வகை ஆள். மயிலாடுதுறையில் வனவிலங்கு உயிரியல் படித்தேன். பிறகு இங்கே வந்து பதினெட்டு வருஷமாக மான் கணக்கோடுதான் பிழைப்பு. துறைக்காகப் பேசவில்லை, நான் அங்கே வேலை செய்பவன் அல்ல. துப்பாக்கி பிடித்ததும் இல்லை. ஆனால் வேட்டைக்காரர்களோடு பரணில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். என் அனுபவம் மாநிலத்தின் நடு வடக்கிலும் தென்மேற்கிலும்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகச் சொன்னால், உங்கள் நண்பர் பார்த்தது பெரும்பாலும் சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் தவறு. துறையின் எண் எந்தப் பக்கம் போகிறது என்பதில் நம்பிக்கை வைக்கலாம், அந்த எண்ணையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இனி விவரம்.

படிக்கிற காலத்தில் கோடியக்கரையில் வெளிமான் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். அங்கே புல்வெளி. காலையில் வரிசையாக நடந்தால் மான் கண்ணுக்குத் தெரியும், எண்ணலாம், பக்கத்தில் நடப்பவர் எண்ணியதோடு ஒப்பிடலாம். அதே நினைப்பில் விஸ்கான்சின் வந்தவனுக்கு முதல் குளிர்காலமே பாடம் ஆகிவிட்டது. வடக்கே வெள்ளை சிடார் மரங்கள் நெருங்கிய சதுப்பு. பத்தடி தூரத்தில் படுத்திருந்த மான் எழுந்து ஓடிய பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரிந்தது. இந்தக் காட்டில் மானை எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும். வேட்டைக்காரர்கள் "எண்ணிக்கை" என்ற சொல்லைக் கேட்டவுடன் யாரோ தலையை எண்ணினார்கள் என்று நினைக்கிறார்கள். துறையும் அந்த நினைப்பைப் பெரிதாகத் திருத்தவில்லை. பாதிச் சண்டை இங்கேயே பிறக்கிறது.

மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு மாவட்டத்தில் இந்தப் பருவத்தில் 3,000 வளர்ந்த கிடாக்கள் சுடப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் எத்தனை ஒன்றரை வயதுக் கிடா என்று பார்ப்போம். பார்ப்பது பல்லை வைத்து. நான் இங்கே வந்த புதிதில், சுட்ட மானைக் கொண்டுவந்து பதிவு செய்யும் இடமாக இருந்த பெட்ரோல் பங்க் வாசலில் நின்று இந்த வேலை செய்திருக்கிறேன். லாரியின் பின்தட்டில் விறைத்துக் கிடக்கும் மானின் வாயை ஒரு இரும்புக் கருவியால் நெம்பித் திறந்து, தலையில் கட்டிய விளக்கை உள்ளே அடித்து, கீழ்த்தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டும். அது மூன்று முகடு உள்ள பால்பல்லாக, தேய்ந்து, விழத் தயாராக இருந்தால் ஒன்றரை வயது. விழுந்து, இரண்டு முகடு உள்ள நிரந்தரப் பல் வந்திருந்தால் அதற்கு மேல். விரல் மரத்துப்போகும். வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று "என்ன வயசு, என்ன வயசு" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நூற்றுக்கு 60 கிடா ஒன்றரை வயது என்று வந்தால், ஆண்டுதோறும் கிடாக்களில் ஏறக்குறைய 60 சதவீதம் செத்து, அந்த இடத்துக்கு இளசுகள் வருகின்றன என்று அர்த்தம். அந்தச் சாவில் 85 சதவீதம் துப்பாக்கியால் என்று எடுத்துக்கொண்டால், பருவத்துக்கு முன் சுமார் 5,900 கிடாக்கள் இருந்திருக்க வேண்டும். கிடாவுக்கு இரண்டு பெட்டை, பெட்டைக்கு 0.8 குட்டி என்று ஏற்றினால் மொத்தம் 27,000 மான். அப்பாடா, எண் வந்துவிட்டது. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். வேட்டைக்காரர்கள் இப்போது சின்னக் கொம்புள்ள கிடாவைச் சுடாமல் விடுகிறார்கள், பெரிய கொம்புக்காகக் காத்திருக்கிறார்கள். அதனால் சுட்டவற்றில் இளசுகளின் பங்கு 60-லிருந்து 45 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். அதே 3,000 கிடா, அதே கணக்கு. விடை 36,000 ஆகிவிடும். காட்டில் ஒரு மான்கூடக் கூடவில்லை, தாளில் 9,000 கூடிவிட்டது. வேட்டைக்காரரின் ரசனை மாறியதைக் கணக்கு மானாக மாற்றிவிடுகிறது.

இது துறைக்குத் தெரியாததல்ல. 2006 வாக்கில் வெளி நிபுணர் குழு ஒன்றை வைத்து இந்த முறையையே சோதித்தார்கள். மாநில அளவில் இது ஓரளவு தாங்கும், சிறிய பகுதிகளுக்குப் போகப் போக பிழை பெரிதாகிறது என்பதுதான் முடிவு. இப்போது குட்டிக் கணக்குக்குத் தன்னார்வலர்கள் மரத்தில் கட்டும் காமிராப் படங்களையும் சேர்க்கிறார்கள், முன்பைவிடத் தேவலை. ஆனாலும் மாநிலம் முழுதுக்கும் 15 லட்சத்துக்கு மேல் என்று சொல்வதும், உங்கள் நண்பரின் நாற்பது ஏக்கருக்குப் பின்னால் எத்தனை என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு எந்தக் கணக்கும் பதில் சொல்லாது. 2015 முதல் சுட்ட மானைப் போனிலோ கணினியிலோ பதிவு செய்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். வசதிதான். ஆனால் பெட்ரோல் பங்க் வாசலில் மான்கள் வரிசையாக வருவதை ஊரே நின்று பார்க்கும் காட்சி போய்விட்டது. மான் இருக்கிறது என்பதற்கு வேட்டைக்காரர் கண்ணால் கண்ட அத்தாட்சியும் அதோடு போயிற்று. இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள்.

சரி, வேட்டைக்காரர் பக்கம் வருவோம். அவருடைய அளவுகோல் பரணில் உட்கார்ந்த மணிக்கு எத்தனை மான். அதுவும் தரவுதான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் மான் அப்படியே இருக்க, மான் தெரிவது மட்டும் குறைய எத்தனையோ வழி உண்டு. மிச்சிகனில் 1950-களிலும் 60-களிலும் ஒரு சதுர மைல் காட்டை வேலி போட்டு அடைத்து, உள்ளே இருக்கும் மானைத் துல்லியமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அனுபவசாலி வேட்டைக்காரர்களை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ஒருமுறை உள்ளே 39 மான். ஒரு கிடாவைக் கண்ணால் பார்ப்பதற்கே அவர்களுக்கு நாள்கணக்கில் ஆனது. வெளியே ஓட வழியில்லாத ஒரு சதுர மைலுக்குள் இந்த நிலை. துப்பாக்கிச் சத்தம் கேட்ட மான் பகலில் நகராது. சோளம் அறுவடை ஆகாமல் நின்றால் அதற்குள் படுத்துவிடும். பண்ணைகள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் உள்ளே வராதே என்று பலகை தொங்குகிறது. சுடாத நிலம் எது என்று மான் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அப்புறம் தீனி போடும் பழக்கம். பக்கத்து நிலக்காரர் சோளத்தைக் கொட்டினால் உங்கள் பரணுக்கு எதிரே வரவேண்டிய மான் இரவில் அங்கே போய்த் தின்றுவிட்டு விடியுமுன் படுத்துவிடும்.

வேட்டைக்காரர்களே குறைந்துவிட்டதும் ஒரு காரணம். 1990-களில் துப்பாக்கிப் பருவ லைசென்ஸ் 7 லட்சத்தை ஒட்டி விற்றது, இப்போது 6 லட்சத்துக்கும் கீழே. முன்பு காட்டில் ஆள் நடமாட்டம் அதிகம். யாராவது மானைக் கிளப்பிவிடுவார்கள், அது உங்கள் முன்னால் ஓடும். இப்போது எல்லாரும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள். கூடாரத்தில் ஹீட்டர் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், யாரும் நடப்பதில்லை.

இவ்வளவு சொன்னதால் வடக்கில் குறைவு என்பதே பிரமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கில் குறைந்தது உண்மை, தெற்கில் பெருகியதும் உண்மை. மாநிலக் கூட்டுத்தொகை இரண்டையும் விழுங்கிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு துப்பாக்கியால் மட்டும் 5,28,000 மான் விழுந்தது, அதுதான் உச்சம். 2023-இல் நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டிய ஒன்பது நாள் பருவத்தில் 1,74,000 அளவில் நின்றது, முந்தைய ஆண்டைவிட 17 சதவீதத்துக்கு மேல் குறைவு. அந்தக் குளிரில்தான் கூச்சல் உச்சத்துக்குப் போனது. உங்கள் நண்பரின் கோபமும் அங்கிருந்து வந்தது என்று ஊகிக்கிறேன்.

வடக்கில் மானின் தலையெழுத்தை முதலில் எழுதுவது பனி. இங்கே குளிர்காலத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தரையில் ஒன்றரை அடிக்குமேல் பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மதிப்பெண், பூஜ்யம் ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே போகும் நாளுக்கு இன்னொன்று. 50-க்குக் கீழே என்றால் லேசான குளிர். 80 தாண்டினால் கடுமை, 100 தாண்டினால் மிகக் கடுமை. 2013-14 குளிர் அப்படி வந்தது. முதலில் சாவது போன வசந்தத்தில் பிறந்த குட்டிகள், கொழுப்புச் சேமிப்பு குறைவு என்பதால். தப்பிய தாய்மான் ஈனும் குட்டி எடை குறைந்து, எழுந்து நிற்கத் தடுமாறி, முதல் வாரத்திலேயே போய்விடும். அதாவது ஒரு கெட்ட குளிர் இரண்டு தலைமுறையைத் தின்கிறது. அந்த ஆண்டு வடக்கே பல மாவட்டங்களில் பெட்டை மான் அனுமதியையே நிறுத்தினார்கள், கிடா மட்டும்தான். அடுத்த சில லேசான குளிர்களில் மந்தை மீண்டது.

இரண்டாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது மிக மெதுவாக நடக்கிறது. காடு வயதாகிறது. இதை எனக்குக் காட்டியவர் ஒரு வேட்டைக்காரர்தான். எழுபது வயதைத் தாண்டியவர், முப்பத்தெட்டு வருஷமாக ஒரே பரண். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், எத்தனை மான் பார்த்தார் என்று பாக்கெட் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஆரம்பப் பக்கங்களில் ஒரு நாளைக்கு பத்து, பன்னிரண்டு. கடைசிப் பக்கங்களில் சுழி, சுழி, ஒன்று, சுழி. "ஓநாய்" என்றார், அதற்கு மேல் பேச்சில்லை. அவரோடு பரண்வரை நடந்தேன். சுற்றிலும் ஆஸ்பென் மரம், என் தொடை கனம், முப்பது அடிக்கு மேல் உயரம். தரையில் பெரணிச் செடியும் காய்ந்த இலையும். மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் ஒரு தளிர் இல்லை. "இந்தப் பரண் கட்டியபோது இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அதற்கு முந்தைய வருஷம்தான் காகித ஆலைக்கு மொத்தமாக வெட்டினார்கள். புதர் மாதிரி இருந்தது. அதனால்தான் இங்கே கட்டினேன்."

ஆஸ்பென் வெட்டினால் வேரிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் துளிர்க்கும். பத்து வருஷம் மானுக்கு அன்னதானம். பிறகு மரம் வாய்க்கு எட்டாத உயரம் போய்விடும், அடியில் நிழல் விழுந்து ஒன்றும் முளைக்காது. 1970, 80-களில் வடக்கில் இருந்த மான் பெருக்கத்தில் காட்டு வெட்டுக்கு நல்ல பங்கு உண்டு. தங்கள் இளமையில் பார்த்த அந்தப் பெருக்கத்தையே இயல்பு என்று வேட்டைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் என்ன நிலை? 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் வெண்வால் மான் 5 லட்சத்துக்குள் சுருங்கியிருந்தது, கறிக்கும் தோலுக்கும் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதால். இன்று 3 கோடி. எந்த வருஷத்தை ஒப்பிடும் அளவாக வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அதே மந்தை அழிவாகவும் தெரியும், பெருக்கமாகவும் தெரியும்.

ஓநாய்க்கு வருகிறேன். இங்கே இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறது. மாநிலத்தில் ஓநாய் சுமார் 1,000, ஒரு ஓநாய்க்கு ஆண்டுக்கு 15 முதல் 20 மான் என்று வைத்தால் ஏறக்குறைய 20,000. வாகனத்தில் அடிபடுவதும் கிட்டத்தட்ட அதே அளவு. வேட்டைக்காரர்கள் எல்லாப் பருவமும் சேர்த்துச் சுடுவது 3 லட்சத்தை ஒட்டி. எனவே மாநில அளவில் ஓநாய் சின்னப் பங்கு. ஆனால் அந்த 20,000 மாநிலம் முழுக்கப் பரவவில்லை, பெரும்பாலும் வடக்குக் காட்டில் விழுகிறது. ஒரு கூட்டம் சுற்றித் திரியும் இடத்தில் உங்கள் நண்பர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது சின்னப் பங்கே அல்ல. ஓநாய் வந்தால் மான் இடம் மாறுகிறது, நடமாட்ட நேரத்தை மாற்றுகிறது, அதுவும் பரணில் இருப்பவருக்குக் குறைவாகத்தான் தெரியும். இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். ஓநாய் கொன்ற மானில் எத்தனை எப்படியும் அந்தக் குளிரில் செத்திருக்கும் என்பதுதான் ஆய்வாளர்களுக்குள்ளேயே தீராத வாதம். அதற்கு இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் வேறு விடை.

ஒரு சோதனை தானாகவே நடந்தது. 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் ஓநாய்க்கு மத்திய அரசுப் பாதுகாப்பு திரும்ப வந்தது, யாரும் சுட முடியாது. 2023-இல் மான் வேட்டை விழுந்தது, ஓநாய்தான் காரணம் என்றார்கள். அதற்குப் பின் வந்த 2023-24 குளிர் பதிவில் உள்ளவற்றிலேயே மிக லேசானது. 2024 நவம்பரில் வடக்கே கிடா எண்ணிக்கை ஏறியது. ஓநாய் அங்கேயேதான் இருந்தது, குறையவில்லை. ஒரே ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். அதே நேரம், ஓநாயே முதன்மைக் காரணம் என்றால் இந்த ஏற்றத்தை விளக்குவது கஷ்டம். குட்டிகளைப் பொறுத்தவரை கரடியும் கயோட்டி என்ற நரி போன்ற பிராணியும் தின்பது ஓநாய்க்குக் குறைந்ததல்ல. கரடிமேல் யாருக்கும் கோபம் வருவதில்லை, கரடிக்கு லைசென்ஸ் கிடைக்கிறது பாருங்கள்.

ஓநாய்ச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 பிப்ரவரியே சாட்சி. அப்போது ஓநாய் வேட்டைக்கு அனுமதி இருந்தது. மொத்த ஒதுக்கீடு 200 ஓநாய், அதில் ஒப்பந்த உரிமைப்படி ஓஜிப்வே பழங்குடிகளுக்கு 81, மற்றவர்களுக்கு 119. ஓஜிப்வே மக்கள் ஓநாயைச் சகோதரனாகக் கருதுபவர்கள், சுடவில்லை. மற்றவர்கள் மூன்றே நாளில் 218 ஓநாய்களைக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் நிதானமாகப் பேச முடியாத நிலை ஆகிவிட்டது.

பெட்டை மான் விஷயம் இன்னும் பழைய புண். நம் பழைய இலக்கியத்தில் கலை, பிணை, மறி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். இங்கே வேட்டைக்காரருக்கும் அது மூன்றும் மூன்று பிராணி. கிடாவைச் சுடலாம், பெட்டையைச் சுடுவது பாவம் என்று தாத்தா சொல்லிக் கொடுத்தது. மந்தை அழிந்திருந்த காலத்தில் அது சரியான விதி, மந்தை மீண்டதே அதனால்தான். ஆனால் ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும், பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கிடாவை எத்தனை சுட்டாலும் மந்தை குறையாது. மந்தையைக் கூட்டவோ குறைக்கவோ கையில் உள்ள ஒரே பிடி பெட்டைதான். மிச்சிகனில் 1928-இல் வேலி போட்ட இடம் ஒன்றில் 2 கிடா, 4 பெட்டை விட்டார்கள். ஆறே வருஷத்தில் 160-ஐத் தொட்டது.

இதே விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட், வனவிலங்கு மேலாண்மை என்ற துறைக்கே தகப்பன் என்று சொல்லத்தக்கவர், 1940-களில் சதுப்புகளில் பட்டினியில் செத்துக் கிடந்த மான்களைக் காட்டி, பெட்டைகளையும் சுட்டுக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். 1943-இல் அனுமதித்தார்கள். ஏறக்குறைய 1,28,000 மான் விழுந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் '43-இன் குற்றம்'. அவரைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. 1948-இல் அவர் இறக்கும்வரை அந்தக் கசப்பு தீரவில்லை. பென்சில்வேனியாவில் 2000-த்தின் தொடக்கத்தில் கேரி ஆல்ட் என்ற உயிரியலாளர் இதையே செய்தபோது, மிரட்டல் தாங்காமல் குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு பொதுக்கூட்டங்களுக்குப் போனார். நம் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் கூட்டத்தில் அதிகாரி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

துறையும் தவறே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். விஸ்கான்சினில் 1996 முதல் சில பகுதிகளில், முதலில் ஒரு பெட்டையையோ குட்டியையோ சுட்டால்தான் கிடா சுட உரிமை என்று விதி வைத்தார்கள். மந்தையைக் குறைப்பதில் அதைப்போல் வேலை செய்த விதி வேறு இல்லை. ஆனால் முப்பது வருஷம் காத்திருந்த பெரிய கொம்பு எதிரே வந்து நின்றும் விரலை அசைக்க முடியாதவனின் வயிற்றெரிச்சலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2011-இல் சட்டமன்றமே அதை ஒழித்துவிட்டது. தென்மேற்கில் இன்னும் மோசம். 2001 நவம்பரில் சுட்ட மான்களில் மூளை உருக்கும் நோய் இருப்பது 2002 பிப்ரவரியில் தெரிந்தது. உடனே அந்தப் பகுதியில் சுமார் 400 சதுர மைலில் மானையே இல்லாமல் ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். வேட்டைக்காரர்கள் ஒத்துழைக்கவில்லை. சுட்டுக் குப்பையில் போடுவதற்கா நாங்கள் வேட்டையாடுகிறோம் என்றார்கள். சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டார்கள், நோய் பரவியது. ஆரம்பத்திலேயே எல்லாரும் ஒத்துழைத்திருந்தால் அடக்கியிருக்க முடியுமா? நோய் அதற்குள் பல வருஷம் பழகியிருக்கலாம் என்பதால் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பின்னால் அதே தென்மேற்கில் மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தபோது, நோயற்ற பெட்டைகளில் நூற்றுக்கு 80-க்கு மேல் ஓராண்டு பிழைத்தன, நோய் பிடித்தவற்றில் பாதிகூடத் தேறவில்லை. மந்தையை உண்மையிலேயே கரைக்கக்கூடியது ஓநாயைவிட இதுதான் என்பது என் கணிப்பு. வேட்டைக்காரர்கள் பயப்படும் வரிசையில் இது கடைசியில் இருப்பதுதான் எனக்குப் புரியாத ஒன்று.

சரி, எத்தனை மான் இருக்க வேண்டும்? இங்கேதான் கணக்கு கைவிரிக்கிறது. வேட்டைக்காரருக்கு உட்கார்ந்தால் பத்தாவது தெரிய வேண்டும். சோள விவசாயிக்கும், இரவு வேலை முடிந்து காரில் திரும்பும் செவிலியருக்கும் அது தலைவலி. சிடாரும் ஹெம்லாக்கும் மானின் வாய்க்குத் தப்பி வளர வேண்டும் என்கிற வனத்துறை ஆளுக்கு அதில் பாதி போதும். என் படிப்பு எதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லும், எது வேண்டும் என்று சொல்லாது. 2014 முதல் மாவட்டந்தோறும் மான் ஆலோசனைக் குழு வைத்து, வேட்டைக்காரர், விவசாயி, வனத்தொழில், சுற்றுலா என்று எல்லாரையும் உட்கார வைத்து, கூட்டலாமா, இப்படியே வைக்கலாமா, குறைக்கலாமா என்று மட்டும் கேட்கிறார்கள். எண்ணுக்கு அடித்துக்கொள்வதைவிட இது நாகரிகம். கூட்டம் யார் வேண்டுமானாலும் போகலாம். உங்கள் நண்பர் ஒருமுறையாவது போயிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நான் போன சில கூட்டங்களில் பார்வையாளர் நாற்காலியில் நான்கைந்து பேர்தான்.

உங்கள் வாலுக்குப் பதில். தாராளமாகப் போங்கள். 1973 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்தவர் என்றால் சுட லைசென்ஸ் வாங்கப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அல்லது அனுபவசாலி ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க, வழிகாட்டியோடு வேட்டையாடும் ஏற்பாடு உண்டு. சும்மா கூட உட்காரப் போனாலும் ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். பரணில் ஏறியதும் ஓநாய் எங்கே என்று தேடாதீர்கள். மானின் வாய் உயரத்தில் தளிர் இருக்கிறதா, நுனி கடிபட்டிருக்கிறதா, சுற்றியுள்ள மரத்துக்கு என்ன வயதிருக்கும் என்று பாருங்கள். கறி கொடுத்தால், எந்த மாவட்டத்து மான், மூளை உருக்கும் நோய்ச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த நோய் மனிதனுக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் மருத்துவத் தரப்பின் அறிவுரை. சமைத்தாலும் அந்தக் கிருமிப் புரதம் அழியாது. சோதனை இலவசம். மானின் தலையைப் போட்டுவிட்டுப் போக ஊருக்கு ஊர் பெட்டி வைத்திருக்கிறார்கள், முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் கிடக்கட்டும். பின்தொடைக் கறி கொடுத்தாரென்றால் அதிகம் வேகவிடாதீர்கள், கொழுப்பே இல்லாத கறி, ரப்பராகிவிடும். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நல்லெண்ணெயில் புரட்டினால் போதும்.